வியாழக்கிழமைக் குறிப்பேடு

வாழைச்சேனை கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில்
ஐஸ் பெட்டிகள் பன்னிரண்டைக் கவிழ்த்துப் போட்டால்
முப்பது பேருக்கு இடமுண்டு.
கதிரை ஆறு. அதில் ஒன்றுக்கு மூன்று கால்.
அதைச் சுவரோடு சாய்த்து
நானே அதில் இருந்துகொள்வேன்.
குறிப்பெழுதுகிறவள் விழுந்தாலும் கூட்டம் நடக்கும்.

முதல் வியாழன் படம் போட்டோம்.
திரைக்கு றிபாயாவின் படுக்கை விரிப்பு.
கடல் தின்னும் ஒரு தீவின் கதை அது;
தொடக்கத்திலிருந்து முடிவுவரை
எல்லாருடைய முகத்திலும் நீலப்பூ பூத்திருந்தது.
அழுகிற காட்சியில் ஒரு பல்லி
அந்தப் பெண்ணின் மூக்கு வழியாக இறங்கிப் போக
பின்னால் இருந்த பொடியன்கள் சிரித்தார்கள்.
சிரித்ததையும் எழுதினேன்.

இரண்டாம் வியாழன் குப்பை பற்றிப் பேச்சு.
பேச வருவதாகச் சொன்னவர் வரவில்லை.
அவருக்கு வாங்கிய சோடாவைப் பங்கிட்டுக் குடித்து
குப்பையை நாங்களே பேசினோம்.
மூன்றாம் வியாழன் மழை.

மறுகா, நான்காவது.
விவாதம்: ‘நுண்கடன் வரமா, வலையா?’
தலைப்பு என்னுடையது. கொஞ்சம் மலிவான தலைப்புத்தான்.
ஆர் எந்தப் பக்கம் என்பதைச்
சீட்டுப் போட்டுப் பிரிப்பதென்று முடிவு.
ஐஸ் அள்ளுகிற கோப்பைக்குள் இரண்டு துண்டுக் கடதாசி.

வரம் விழுந்தது காந்தரூபிக்கு.
மூன்று கம்பனியில் கடன்.
வலை விழுந்தது அனோஜிதனுக்கு.
மூன்றில் ஒரு கம்பனிக்குக்
காசு சேர்க்கிற உத்தியோகத்தன்.
ஹெல்மெட்டைக் கீழே வைப்பதா
கையில் வைத்திருப்பதா என்று
அதுவரை முடிவெடுக்காமல் இருந்தவன்.

மாத்திப் போடுவமா என்றார் நடுவர் ஹிதாயத்துல்லா சேர்.
வேணாம், விழுந்தது விழுந்ததுதான் என்றாள் காந்தரூபி.

அவன் எழும்பினான். கணக்குச் சொல்வான் என்றிருந்தோம்.
ஒரு கதவைச் சொன்னான்.

‘ஆறாவது கிழமை அந்தக் கதவு சாத்தியிருக்கும்.
நான் தட்ட, உள்ளே ரேடியோ நிற்கும்.
ஒரு பிள்ளை வந்து, அம்மா இல்லை என்னும்.
கதவுக்குக் கீழே, வெளிச்சத்தில்,
அம்மாவின் இரண்டு கால் நிழல்.
பிறகு வாறன் என்று சொல்லிவிட்டு
மோட்டார்சைக்கிளை முறுக்கி முறுக்கி
நான் போவதை உள்ளே கேட்கும்படி போவேன்.’

எந்த வீடென்று அவன் சொல்லவில்லை.
ஐஸ் பெட்டிகளில் இருந்த ஐந்தாறு பேர்
கால்களை உள்ளே இழுத்துக்கொண்டோம்.

காந்தரூபிக்கு நான்கு நிமிடம்.
ஒன்று: தையல் மெசின். அது பொய்யில்லை, ஓடுகிறது.
இரண்டு: கைநாட்டு வைத்தவள்
கையெழுத்துப் போடப் பழகியது
அந்தப் படிவங்களில்தான்.
மூன்று: வட்டி கட்டுகிறவளை
இந்த ஊரில் ஒருத்தரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை.

அப்போது ஆரோ இருமினார்கள்.
அவள் சீட்டை நாலாக மடித்து
சட்டைக்குள் செருகிக்கொண்டு இருந்துவிட்டாள்.

கைதட்டல் முந்தி வரவா பிந்தி வரவா என்று நின்று
வராமலே போயிற்று.
தீர்ப்பு அடுத்த கிழமை என்றார் சேர்.
கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.
‘பிளேன்ரீ 28, மிச்சம் 340 ரூபா’ என்று எழுதி
நாளைப் போட்டுக் கொப்பியை மூடினேன்.
அவள் எடுத்த ஒரு கடனுக்குப்
பிணை நின்றவர்களில் நானும் ஒருத்தி என்பது
அதில் இல்லை.

செவ்வாய், காலை பத்து மணி.
என் வீட்டு முற்றத்தில் அதே ஆட்கள், ஒரு பாய்.
அவன் வந்தான், பையைத் திறந்தான்.
காந்தரூபி இருநூறு குறைவாகக் கொடுத்தாள்.
எண்ணினான். குறைவென்று எழுதினான்.
குறைந்ததை நாங்கள் நாலு பேர்
ஐம்பது ஐம்பதாகப் போட்டோம்,
ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாராமல்.

‘உங்கட மூணாவது வாதம் சரியான பலவீனம்’
என்றான், தலை நிமிராமல்.
‘தெரியும்’ என்றாள்.
‘அத நானே நம்பல்ல.’
‘மத்த ரெண்டும்?’
அவள் பாயிலிருந்து எழும்பி
சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

நான் கொப்பியை எடுக்கப் போனேன்.
பாதி வழியில் ஞாபகம் வந்தது,
இது வியாழன் இல்லை.